ஆளுக்கொரு சுருள்

வாங்க கண்ணு, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்கமாட்டாங்க. ஓவன் பாக்கத்தானே வந்திருக்கீங்க? நாந்தாங்க குரூப்புல போட்டது, தெய்வானை. இந்தா, மேடையில இருக்குது. கதவைத் திறந்து பாருங்க, உள்ள ஒரு கறை இருக்காது. வாங்கி மூணு மாசந்தான் ஆச்சு. மொத்தமே மூணு தடவைதான் போட்டனுங்க. ரெண்டு தடவை ஒத்திகைக்கு, ஒரு தடவை நெசத்துக்கு.

உக்காருங்க, உக்காருங்க. காப்பி போடறேன். கேக் செஞ்சு குடுக்கப் போறீங்களா? நல்லதுங்க, கைத்தொழில் ஒண்ணு இருக்கோணும்.

ஏன் விக்கறேன்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நேத்து ஒருத்தர் போன்ல, ரிப்பேருங்களான்னு கேட்டார். ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். அதைப் பாத்தாலே அந்த ராத்திரிச் சாப்பாடுதான் ஞாபகத்துக்கு வருது. பொறாமைன்னு நெனைச்சுக்காதீங்க. அந்தச் சுபாவமே எனக்குக் கெடையாது. எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

என்ற பையன் பரணி. ஒரே பையன். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. மருமக சௌம்யாவும் அங்கதான் வேலை பாக்குது. நல்ல புள்ள, அதைக் குத்தம் சொல்லக் கூடாது. நான் சொல்ல வந்தது அதோட அம்மாவைப் பத்தி. என்ற சம்பந்தியம்மா. விமலான்னு பேரு. ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க. ஊட்டுக்காரர் தவறி நாலஞ்சு வருஷமாச்சு, தனியாத்தான் இருக்காங்க, தனியாத்தான் பொங்கிச் சாப்பிடறாங்க. பாவம்தான். நான் பாவமில்லைன்னு சொல்லலீங்க. ஆனா அவங்க ஊடு பரணி ஊட்டுலிருந்து பத்து நிமிசம். கோயமுத்தூரு எத்தனை நிமிசம்? ஒரு நாள் ஆகுது கண்ணு, வந்து போறதுக்கு.

ஞாயித்துக்கிழமையானா பரணி அங்க போயிருவான். போகட்டும், நான் போகாதேன்னா சொன்னேன்? ஒரு நாள் போட்டோ அனுப்பறான். கையில தடியா ஒரு உறையை மாட்டிட்டு, சூடா ஒரு ட்ரேயைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கறான், மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'அத்தை செஞ்ச லசானியா'ன்னு கீழ எழுதியிருக்கான். இந்த ஊட்டுல தான் குடிச்ச டம்ளரை எடுத்துப் போட்டதில்லீங்க அவன். நானும் எடுக்க விட்டதில்ல, அது வேற நாயம்.

லசானியான்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அப்பத் தெரியாதுங்க. பாத்தா என்ன, கோதுமை மாவுல அகல அகலமா ஷீட்டு. அதை வேகவெச்சு, நடுநடுவுல தக்காளிச் சாறு, கீரை, சீஸுன்னு அடுக்கி ஓவன்ல வெக்கறது. அவ்வளவுதான். அதுக்கு இத்தனை பேரு.

அந்தப் போட்டோவுக்கப்பறம் அவன் மாறிட்டான். எங்க ஊட்டு அரிசிம்பருப்புச் சோறுன்னா ஒரு குண்டா தனியாத் திம்பான். போன வருஷம் தீபாவளிக்கு வந்தப்ப ஆக்கி வெக்கறேன், ரெண்டு வாய் தின்னுட்டு, 'காரம் ஜாஸ்திம்மா'ங்கறான். நான் வெச்ச காரத்துலதான் கண்ணு அவன் வளந்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவங்க கம்பெனியில இனி எந்த ஊருலிருந்து வேணும்னாலும் வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்களாம். ரெண்டு பேருக்கும் அப்படித்தான். நான் உடனே மாடியைக் கட்டச் சொல்லிட்டேன். ரெண்டு ரூம்பு, பாத்ரூமு, பின்னால துணி காயப்போட எடம். அவன் வந்து உக்காந்து வேலை பாக்கறதுக்கு ஜன்னலோரமா மேஜைகூடப் போட்டாச்சு. ஒரு வருஷமா வா வான்னு கூப்பிடறேன். 'யோசிச்சுச் சொல்றேம்மா'ங்கறான். அதுக்குள்ள அந்தம்மா ஊட்டுக்கு எதிர் ஃப்ளாட் காலியாயிருச்சாம். அதை சௌம்யா போன்ல சாதாரணமாச் சொல்லுது. எதிர் ஃப்ளாட்டுன்னா கதவைத் திறந்தா மாமியார் ஊடு. அப்பறம் நான் எங்க?

ஆயுத பூஜை லீவுக்கு வர்றோம், வந்து முடிவு சொல்றோம்னாங்க. அந்தம்மாவும், அவங்க தம்பியும், தம்பி சம்சாரமும்கூட வர்றாங்க, மருதமலைக்குப் போகணுமாம். சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊட்டுல எல்லாருக்கும் சாப்பாடு. அப்பத்தான் முடிவு பண்ணினேன், நானும் லசானியாவே செய்யறதுன்னு. இந்த ஓவனை வாங்கினது அதுக்குத்தானுங்க.

எங்க ஊட்டுக்காரர் கேட்டார், 'அவங்க ஊட்டுல வாராவாரம் சாப்பிடறதை இங்கயும் எதுக்குடி? நம்ம பண்டம் ஒண்ணு செய்யேன்'னு. அந்த மனுசனுக்கு என்ன தெரியும். நம்ம பண்டம் செஞ்சா, நல்லாருக்குதும்பாங்க, அதோட மறந்திருவாங்க. அவங்க பண்டத்தை அவங்களைவிட நல்லாச் செஞ்சு காட்டினாத்தானே தெரியும்.

அந்தப் போட்டோவை ரெண்டு விரல்ல இழுத்துப் பெருசு பண்ணிப் பாத்தேன். ட்ரேயில நல்லாத்தான் இருக்குது. பக்கத்துல பரணி தட்டுல வெச்சிருக்கறது பாருங்க, சரிஞ்சு, குழைஞ்சு, எது மேல எது கீழேன்னு தெரியாமக் கெடக்குது. அதுதான் அவங்க குறைன்னு கண்டுபிடிச்சுட்டேன். வீடியோவுல தேடினா, ஒரு பொண்ணு அதையே பாயைச் சுருட்டற மாதிரி சுருட்டி, தனித்தனியா நிக்கவெச்சுச் செய்யுது. ஆளுக்கொரு சுருள். ஒருத்தரு தட்டுலயும் சரியாது. எனக்கும் அதுதான் ஒத்து வரும். ஒரே ட்ரேயில ஆளாளுக்குக் கரண்டியை விட்டு அள்ளறது எனக்கு ஆகாதுங்க.

எச்சில் ஆகாது எனக்கு. சின்ன வயசுலிருந்தே அப்படித்தான். கல்யாணமான புதுசுல, புருசன் தட்டுல சாப்பிடும்மான்னு மாமியார் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். பெரிய சண்டையே ஆச்சு. பரணி கொழந்தையில கடிச்சு நீட்டற பிஸ்கட்டைக்கூட வாங்கமாட்டேன், அழுவான். நிச்சயதார்த்தத்தன்னிக்கு இந்த விமலாம்மா, பாசமா, தான் கடிச்ச மைசூர்பாவுல பாதியை ஒடிச்சு என் கையில வெச்சாங்க. எனக்கு எச்சில் ஆகாதுங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன். அவங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. நான் என்ன பண்ண, என்ற சுபாவம்.

மொத ஒத்திகை ஒண்ணுமில்லாமப் போச்சு. ஷீட்டெல்லாத்தையும் ஒண்ணா ஒரு குண்டாவுல போட்டு வேகவெச்சுட்டேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பிரிக்கப் பிரிக்கக் கிழியுது. சரின்னு சாறை ஊத்திக் கிண்டி, ஓவன்ல வெச்சு எடுத்து எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்தேன். தின்னு முடிச்சுட்டு, 'உப்புமா நல்லாருக்குது'ன்னார். ரெண்டாவது ஒத்திகை பரவால்லீங்க. ரெண்டு ரெண்டா வேகவெச்சு, எண்ணெய் தடவின தட்டுல பரப்பி, மேல உதுத்த பன்னீரு, வதக்கின பாலக்கு, கொஞ்சம் வரமொளகா இடிச்சது. ரெண்டு ஷீட்டை நீளவாக்குல சேத்து ஒரு தடிச் சுருளு. மேல தக்காளிச் சாறு, சீஸு. வாசம் தெருவரைக்கும் போச்சு.

அந்த ஷீட்டு இங்க ஒரே ஒரு கடையிலதான் கெடைக்குது. ஒத்திகையிலயே முக்காவாசி போயிருச்சு. சனிக்கிழமை காலையில போனா, இனி அடுத்த வாரந்தான் வரும்ங்கறான் கடைக்காரன். ஊட்டுல இருந்தது ஏழு சுருளுக்கு. அதுலயும் ஒண்ணு வேகறப்பவே கிழிஞ்சு போச்சு. ஆறு. நான் விரல்விட்டு எண்ணிப் பாத்தேன். எங்க ஊட்டுக்காரர், பரணி, சௌம்யா, விமலாம்மா, அவங்க தம்பி, தம்பி சம்சாரம். ஆறு பேரு, ஆறு சுருளு. கச்சிதமாப் போச்சு, கடவுளாப் பாத்துக் குடுத்தாருன்னு நெனைச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு. முன் ரூம்புல சிரிப்பும் பேச்சுமா இருக்குது. நான் இங்க ஓவன் முன்னால நின்னுட்டு கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருக்கேன். திரும்பினா அந்தம்மா. அடுப்பாங்கரைக்குள்ளயே வந்துட்டாங்க. 'நான் ஏதாவது பண்ணட்டுங்களா?'ன்னாங்க. ஒண்ணும் வேண்டாம், போய் உக்காருங்கன்னேன். போனாங்களா? குனிஞ்சு ஓவனுக்குள்ள பாத்தாங்க. உதடு அசையுது. எண்ணறாங்க கண்ணு. 'ஆறுதான் இருக்குதா?'ன்னு கேட்டாங்க. என்ற ஊட்டு அடுப்பாங்கரையில நின்னுட்டு, நான் எத்தனை செஞ்சிருக்கேன்னு எண்ணிப் பாத்தாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆளுக்கொண்ணு, போதும்ங்கன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

எல்லாரும் உக்காந்தாங்க. நம்ம மேஜைக்கு ஆறு நாற்காலிதான். நான் ஒவ்வொரு தட்டுலயும் ஒரு சுருளை வெச்சேன். ஒண்ணுகூடச் சரியல. அத்தனையும் எழுந்து நின்னுட்டிருக்குது. பக்கத்துல தயிர்சாதம், ஊறுகா. அப்பத்தான் ஒரு சங்கடம் தெரிஞ்சுது. நம்ம பக்கம் ஒறம்பரை சாப்பிட உக்காந்தா எப்படி? போதும் போதும்னு தட்டு மேல குறுக்கே கையை வெக்கற வரைக்கும் போட்டுட்டே இருக்கோணும். அதுக்கப்பறமும் விரல் சந்துல ஒரு கரண்டி விட்டாத்தான் கவனிச்ச மாதிரி. இதுல அது முடியாது. வெச்சாச்சு, முடிஞ்சுது. நான் வெறுங்கரண்டியை வெச்சுட்டு நாற்காலிக்குப் பின்னால நிக்கறேன், போடறதுக்கு ஒண்ணுமில்ல.

பரணி மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு வாய் வெச்சான். 'சூப்பர்மா'ன்னான், தலையைத் தூக்காம. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அடுத்த வாய்க்குள்ள, 'அத்தை, உங்களுதுல சீஸ் இன்னும் இழுக்கும்ல?'ன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டான். எப்படி இருக்குது பாருங்க. அந்தம்மா உடனே, 'இல்ல தம்பி, அம்மா செஞ்சதுதான் நல்லாருக்கு. என்னுது பிரிஞ்சு போயிரும்'னாங்க. ஜெயிச்சவங்கதானே அப்படிப் பேச முடியும். தோத்தவங்க விட்டுக்குடுத்தா யாரு நம்பறது?

அதோட நின்னிருந்தா நான் இத்தனை வெசனப்பட்டிருக்கமாட்டேன். எல்லாரும் தின்னுட்டிருக்காங்க, அந்தம்மா மட்டும் முள்கரண்டியைத் தொடவே இல்ல. நான் ஓரக்கண்ணால பாத்துட்டே இருக்கேன். ஊறுகாத் தட்டுக்குப் பக்கத்துல இருந்த கத்தியை எடுத்தாங்க. சுருளை நட்ட நடுவுல, அளந்த மாதிரி, ரெண்டா வெட்டினாங்க. ஒரு பாதியை அப்படியே கத்தியாலயே தூக்கி, மேஜையில சும்மா கெடந்த ஒரு சின்னத் தட்டுல வெச்சு, மேல ஒரு கிண்ணத்தைக் கவுத்து மூடிட்டாங்க. அதுக்கப்பறந்தான் சாப்பிடவே ஆரம்பிச்சாங்க. வாயில ஒரு வில்லைகூட வெக்கறதுக்கு முன்னாலயே, இதுல பாதிக்கு மேல நம்மால முடியாதுன்னு ஒதுக்கிட்டாங்க. நான் மூணு வாரம் உசுரை விட்டுச் செஞ்சதை. என் கண்ணு முன்னால.

தண்ணி எடுக்கற சாக்குல உள்ள வந்து நின்னுக்கிட்டேன்.

அங்கிருந்தே கேக்குது. பரணி ஃப்ளாட்டுப் பேச்சை எடுத்துட்டான். எதிர் ஃப்ளாட்டுக்காரரு கேக்கறாராம், இந்த வாரமே சொல்லணுமாம். நான் சொம்பைக் கையில பிடிச்சுட்டு அசையாம நிக்கறேன். அப்ப அந்தம்மா குரல். 'எதுக்கு தம்பி அந்த ஃப்ளாட்டு? அம்மா உங்களுக்காக மாடி கட்டி வெச்சுட்டு எத்தனை நாளாக் காத்துட்டிருக்காங்க. நாலு வருஷமா என் பக்கத்துல இருந்தீங்கல்ல, கொஞ்ச நாளைக்கு இங்க இருங்க. நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்.' சௌம்யா ஏதோ சொல்ல வந்துது. 'நான் இருந்துக்குவேன் சௌமி'ன்னாங்க. பரணி ரெண்டாவது பேச்சே பேசல கண்ணு. 'சரிங்க அத்தை'ங்கறான். தை பொறந்ததும் வந்தர்றாங்களாம்.

நீங்களே சொல்லுங்க. ஒரு வருஷமா நான் கெஞ்சினேன். மாடி கட்டினேன். மேஜை போட்டேன். அதுக்கெல்லாம் அசையாதவன், அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னதும் சரிங்கறான். என்ற பையனை எனக்கே எடுத்துக் குடுக்கறாங்க, தாம்பூலம் குடுக்கற மாதிரி. யாரு கேட்டா? கேட்டது நாந்தான், இல்லைங்கல. அந்தம்மாகிட்டயா கேட்டேன்?

எங்க ஊட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம். 'நீ நெனைச்சது நடந்துருச்சுல்ல, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?'ங்கறார். ஆம்பளைங்களுக்கு வேணுங்கறது வந்தாப் போதும், யாரு கையிலிருந்து வந்துதுன்னு பாக்கமாட்டாங்க.

கெளம்பறப்ப அந்தம்மா மறுபடியும் இங்க வந்தாங்க. என் கையைப் பிடிச்சு, 'எடுத்தாந்து மேடையில மூடி வெச்சிருக்கேங்க'ன்னு மெதுவாச் சொன்னாங்க, அவங்களுக்கும் எனக்கும் மட்டும் கேக்கற மாதிரி. நான் தலையைக்கூட ஆட்டல. மீதி வெச்சதுமில்லாம, வெச்ச எடத்தையும் சொல்லிட்டுப் போறாங்களேன்னு இருந்துது. அன்னிக்கு முடிவு பண்ணினதுதான், இந்த ஓவன் இந்த ஊட்டுல இருக்கக் கூடாதுன்னு.

என்ன கேட்டீங்க? எந்தப் பாதி?

ஓ, அதுவா. எறியலீங்க. சீஸும் பன்னீரும் போட்டது, எறிய மனசு வருமா? எல்லாரும் போனதுக்கப்பறம் கிண்ணத்தை எடுத்துப் பாத்தேன். ஆறிப் போயிருந்துது. இந்த மேடைகிட்ட நின்னுட்டே தின்னுட்டேன். நல்லாத்தான் இருந்துதுங்க. வரமொளகா சரியா இருந்துது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இல்லீங்க, அது எச்சில் இல்ல. எச்சிலா இருந்தா நான் தொடுவனா? அவங்க வாய் வெக்கல, முள்கரண்டி படல, கத்தியாலதானே வெட்டி... சுத்தமா...

ஆமாங்க. எனக்குன்னு வெச்சதுதான், தெரியும். அன்னிக்கே தெரியும். தெரியாமயா எடுத்து வாயில வெப்பேன்?

உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன் கண்ணு. ஓவனுக்குள்ள பாத்து எண்ணினாங்கன்னு சொன்னேன்ல, அப்ப 'ஆறுதான் இருக்குதா?'ன்னு கேட்டதோட நிக்கல அவங்க. 'அப்ப உங்களுக்கு?'ன்னு கேட்டாங்க. நான் எண்ணறப்ப என்னை எண்ணவே இல்ல. ஒரு சுருளு கிழிஞ்சுதே, அது என்னுதுன்னுகூட எனக்குத் தோணல. கச்சிதமாப் போச்சுன்னு சந்தோசப்பட்டேன் பாருங்க. நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்னு சொல்லி வெச்சேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமா சொல்ற பதிலு, தானா வாயில வந்துருச்சு.

இந்த முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேரு இந்த ஊட்டுல உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க. உனக்கு இருக்குதான்னு ஒருத்தர் கேட்டதில்லீங்க. எங்க ஊட்டுக்காரர் கேக்கமாட்டார், அவருக்கு அது தெரியாது. பரணி கேட்டிருக்கோணும். நான் பெத்த புள்ள, அவன் அன்னிக்குக் கேட்டிருக்கோணும், அம்மா உனக்குன்னு. அவன் சீஸு இழுக்குதா இழுக்கலையான்னு பேசிட்டிருக்கான். கேட்டது யாரு, அந்தம்மா. அதையும் கேட்டுட்டு, மைசூர்பாவை வாங்கலைங்கற ஞாபகத்தையும் வெச்சுட்டு, வாயில படாம வெட்டி, மூடி வெச்சுட்டுப் போறாங்க. எல்லாத்துலயும் அவங்களே மொதல்ல நின்னா அப்பறம் நான் எங்கதாங்க நிக்கறது? எனக்கு அதுதான் தாங்கல. லசானியா இல்ல.

அந்தக் கதவைச் சாத்துங்க கண்ணு. ஓவன் கதவை. சூடு போகறதுக்கு ஒண்ணுமில்ல, இருந்தாலும் சாத்துங்க.

கோவிச்சுக்காதீங்க. இதை இப்பத்திக்குக் குடுக்கறதா இல்ல. குரூப்புலயும் எடுத்தர்றேன். தைக்கு அவங்களைக் கொண்டு வந்து விட அந்தம்மாவும் வர்றாங்க. வந்தா சும்மா அனுப்ப முடியுமா? அந்தக் கடைக்காரங்கிட்ட ஷீட்டு நாலு பாக்கெட்டு இப்பவே சொல்லி வெக்கறேன். அந்தம்மா தட்டுல ரெண்டு வெப்பேன். கையைக் குறுக்கே வெச்சு மறைச்சாலும் விடமாட்டேன். பக்கத்துலயே நானும் ஒரு நாற்காலியைப் போட்டு, என்ற தட்டுல முழுசா ஒண்ணை வெச்சுட்டு உக்காருவேன். பாதியை எடுத்து ஒதுக்கட்டும் பாக்கலாம், யாருக்குன்னு ஒதுக்குவாங்க? இன்னொருக்கா அவங்களை ஜெயிக்க விடறதா இல்ல.

எங்க எந்திரிக்கறீங்க? காப்பி போடறேன்னு சொன்னேன், போடவே இல்ல. மணி ரெண்டு ஆயிருச்சுங்களா? அய்யய்யோ, வந்ததுலிருந்து நானே பேசிட்டிருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா கண்ணு?